நியூ மெக்சிக்கோவில் ஒன்பது நாட்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் என்னிடம் கேட்டது இதுதான்: "ஏதாவது பயணம் பற்றிப் பேசுங்கோ அக்கா. சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் நித்திரை தூங்குகிற நேரம். பாரமாய் ஒன்றும் வேண்டாம்." அவருடைய சொல்லை முக்கால்வாசித் தூரம் காப்பாற்றுவேன். மிச்சக் கால்வாசியை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1982இல் உயர்தரப் பரீட்சை எடுத்த வகுப்பிலிருந்து நான்கு பேர் இந்தப் பயணம் போனோம். ஒருத்தி ரொறன்ரோ, ஒருத்தி இலண்டன், ஒருத்தி சிட்னி. நான் இருபது வருடத்துக்கு மேலாக ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்தில், அல்புகேர்க்கி நகரத்தில் இருக்கிறேன். மூவரும் இந்த மண்டபத்துக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பெயர் சொல்லாமல், இருக்கிற ஊரின் பெயரால் சொல்லுகிறேன்; பிறகு என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். எங்களுக்கு அறுபது வயது நிறைந்ததை ஒன்றாகக் கொண்டாடுவது என்று தீர்மானித்து, ஒரு செப்ரெம்பர் மாதக் கடைசியில் மூவரும் என் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

வந்ததும் கேட்டது கிராண்ட் கன்யன். அது பக்கத்து மாநிலமான அரிசோனாவில் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டாமல் ஒன்பது நாள் காட்டுகிறேன், அதற்குப் பிறகும் கிராண்ட் கன்யன் வேண்டுமென்றால் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஒன்பதாம் நாள் ஒருத்தரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நியூ மெக்சிக்கோ இலங்கையைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. சனத்தொகை இருபத்தொரு இலட்சம் அளவில்தான். இரண்டு மணிநேரம் வாகனம் ஓடினாலும் எதிரே பத்துப் பேரைக் காணமாட்டீர்கள். 1912இல்தான் மாநிலமானது, அதற்கு முன் மெக்சிக்கோ, அதற்கு முன் ஸ்பானியர், எல்லோருக்கும் முன் அந்த மண்ணின் சொந்தக்காரர். அவர்களை அங்கே புவெப்லோ மக்கள் என்கிறார்கள். புவெப்லோ என்பது ஸ்பானியச் சொல். ஊர் என்று பொருள். ஸ்பானியர், கல்லாலும் மண்ணாலும் மாடி வீடு கட்டி, சோளம் விதைத்து வாழ்ந்தவர்களைக் கண்டு, இவர்கள் ஊர்க்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் 19 புவெப்லோக்கள் அந்த மாநிலத்தில் உயிரோடு இருக்கின்றன. அவர்களுக்கென்று தனி ஆளுநர், தனி நிர்வாகம், தனி மொழி. எனக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயம் இது. பழைய கட்டடம் எங்கும் இருக்கும். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பக்கத்துக் கடையில் பெற்றோல் அடித்துக்கொண்டு நிற்பதுதான் அபூர்வம்.

தேசிய பூங்கா என்று பெயர் பெற்றவை இரண்டு. தேசிய நினைவிடங்கள், வரலாற்றுப் பூங்காக்கள் என்று பத்துக்கும் மேற்பட்டவை. உலக மரபுரிமைப் பட்டியலில் மூன்று. ஒரு வருட அனுமதி அட்டை ஒன்று வாங்கினால் வாகனத்தில் இருக்கிற எல்லோருக்கும் அதுவே போதும். போக நினைப்பவர்கள் செப்ரெம்பர், ஒக்ரோபரில் போங்கள். வெயில் குறைந்திருக்கும். இன்னொரு காரணமும் உண்டு: அது பச்சை மிளகாய் அறுவடைக் காலம். தெருவோரங்களில் பெரிய கம்பி உருளைக்குள் மூட்டை மூட்டையாக மிளகாயைக் கொட்டி நெருப்பில் சுழற்றி வாட்டுவார்கள். நகரம் முழுக்க அந்த மணம்தான். உணவகத்தில் இருந்தால் முதற் கேள்வி, சிவப்பா பச்சையா என்பது. அந்தக் கேள்வியை மாநிலத்தின் உத்தியோகபூர்வக் கேள்வியாகச் சட்டசபையே ஏற்றிருக்கிறது, சத்தியமாகச் சொல்லுகிறேன். இரண்டும் வேண்டுமென்றால் "கிறிஸ்மஸ்" என்று சொல்ல வேண்டும். ரொறன்ரோ ஒன்பது நாளும் கிறிஸ்மஸ் கொண்டாடினாள்.

முதலில் தெற்கே போனோம். வைற் சாண்ட்ஸ், வெண்மணல் தேசிய பூங்கா. 2019 டிசெம்பரில்தான் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. எங்கள் மணற்காட்டைப் பத்து நூறு மடங்காக்கி அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட்டது போல. உண்மையில் அது மணல் அல்ல, ஜிப்சம். மலையிலிருந்து கரைந்து வந்த ஜிப்சம், வெளியேற வழியில்லாத ஏரியில் தேங்கி, காய்ந்து, பொடியாகிக் காற்றில் பறந்து குன்றாகிறது. எழுநூறு சதுர கிலோமீற்றருக்கு அப்படியே வெள்ளை. நடு வெயிலிலும் வெறுங்காலோடு நடக்கலாம்; சுடாது. சிட்னி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிறகு அதைத் தேடி அரை மணிநேரம் அலைந்தாள்.

அந்த ஏரிப் படுகையில்தான் பழைய காலடித் தடங்கள் கிடைத்தன. 21,000 முதல் 23,000 ஆண்டுகள் பழையவை என்று 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, அமெரிக்கக் கண்டத்தில் மனிதர் எப்போது கால் வைத்தார்கள் என்ற கணக்கே மாறிப்போனது. வேறொரு தடம், அதைவிடக் காலத்தால் பிந்தியது, ஆனாலும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது, ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்குப் போகிறது. இளம்பெண் ஒருத்தி, அல்லது பதின்ம வயதுப் பிள்ளை ஒன்று, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேற்றில் விரைவாக நடந்திருக்கிறது. இடைக்கிடை குழந்தையை இறக்கிவிட்டிருக்கிறது. சின்னக் காலடிகள் தெரிகின்றன. பிறகு அதே வழியால் திரும்பி வந்திருக்கிறது. திரும்பி வரும்போது குழந்தை இல்லை. போனதற்கும் வந்ததற்கும் இடையில் மமூத் யானையும் பெரிய தரைக்கரடி போன்ற மிருகமும் அந்தத் தடத்தைக் கடந்து போயிருக்கின்றன. இவற்றை நேரில் பார்க்க முடியாது, காற்றுப் பட்டால் உதிர்ந்துவிடும். வரவேற்பு நிலையத்தில் விளக்கம் இருக்கிறது. குழந்தையை எங்கே கொண்டுபோய்க் கொடுத்தது? நாங்கள் நால்வரும் இரவுச் சாப்பாடு வரை அதைத்தான் பேசினோம். அம்மாவின் வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பாள் என்பது இலண்டனின் முடிவு.

பூங்காவைச் சுற்றிலும் இராணுவத்தின் ஏவுகணைப் பரிசோதனை நிலம். பரிசோதனை நாட்களில் பாதையைச் சில மணிநேரம் மூடிவிடுவார்கள். நாங்கள் போன அன்றும் மூடியிருந்தது. வரிசையில் வாகனத்துக்குள் இருந்தபோது ஒருத்தரும் பேசவில்லை. ஆனையிறவில் இறங்கி நடந்த காலம் எல்லோர் மனதிலும் ஓடியிருக்கும். அந்த இராணுவ நிலத்தின் வடக்குப் பகுதியில்தான் 1945 யூலை 16 காலை 5.29க்கு உலகின் முதல் அணுகுண்டு வெடித்தது. அயலில் இருந்த சனங்களுக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்தது என்று பிறகு அறிவித்தார்கள். கதிர்வீச்சால் பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு தரும் சட்டம் 1990இல் வந்தபோது, அந்த முதற் குண்டின் அயலவரை அதில் சேர்க்கவில்லை. 2025இல்தான் சேர்த்தார்கள். எண்பது வருடம்.

கார்ல்ஸ்பாட் குகை 1930 முதல் தேசிய பூங்கா. அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். நான் சுருக்கமாகச் சொல்லுகிறேன். இயற்கை வாசலால் இரண்டு கிலோமீற்றர் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மின்தூக்கி இருக்கிறது, வெட்கப்பட வேண்டாம். உள்ளே வருடம் முழுவதும் 13 பாகைதான்; சுவெற்றர் கொண்டுபோங்கள். மாலையில் வாசலுக்கு எதிரே கல் இருக்கைகளில் இருந்தால், இலட்சக்கணக்கான வௌவால்கள் புகை கிளம்புவது போல எழுந்து போகும். அந்த நேரத்தில் கமரா, கைத்தொலைபேசி ஒன்றும் பாவிக்கக் கூடாது; வௌவால்களைக் குழப்பும். நூற்றுக்கணக்கான சனம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அடுத்த நாள் முழுக்க வடக்கே ஓட்டம். அன்றுதான் பேகோஸ் போனோம்.

பேகோஸ் ஒரு தேசிய வரலாற்றுப் பூங்கா. மலைக்கணவாயின் வாயில் ஒரு மேட்டுநிலம். ஒரு காலத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழ்ந்த பெரிய புவெப்லோ அது. கிழக்கே சமவெளியில் எருமை வேட்டையாடுபவர், மேற்கே ஆற்றங்கரையில் சோளம் விளைவிப்பவர்; இரண்டு பக்கமும் சந்தித்துப் பண்டமாற்றுச் செய்தது இங்கே. ஸ்பானியர் வந்து பெரிய தேவாலயம் கட்டினார்கள். 1680 ஓகஸ்டில் புவெப்லோக்கள் பல ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரைத் துரத்தியபோது, அந்தத் தேவாலயமும் இடிந்தது. எந்த நாளில் எழுவது என்று ஊருக்கு ஊர் எப்படிச் சொன்னார்கள் தெரியுமா? முடிச்சுப் போட்ட கயிறுகளை ஓட்டக்காரரிடம் கொடுத்து அனுப்பினார்கள். நாளுக்கொரு முடிச்சை அவிழ்த்து வர வேண்டும். பன்னிரண்டு வருடம் ஸ்பானியர் திரும்பி வரவில்லை. வந்த பிறகு, பழைய அத்திவாரத்துக்குள்ளேயே சின்னதாக இன்னொரு தேவாலயம் கட்டினார்கள். இன்று செம்மண் சுவராக நிற்பது அதுதான். பக்கத்திலேயே புவெப்லோ மக்களின் வட்டமான நிலவறை வழிபாட்டிடம். ஏணியால் இறங்கிப் பார்க்கலாம்.

பிறகு நோய் வந்தது, கொமாஞ்சிகளின் தாக்குதல் வந்தது, வியாபாரம் வேறு பாதைக்குப் போனது. 1838இல் எஞ்சியிருந்த இருபது பேருக்கும் குறைவானவர்கள் புறப்பட்டு, எண்பது மைல் மேற்கே உள்ள ஹேமெஸ் புவெப்லோவுக்குப் போனார்கள். அங்கேதான் இவர்களுடைய மொழியைப் பேசுகிறவர்கள் இருந்தார்கள்.

இந்த இடத்தில் இலண்டன், பூங்கா அலுவலரான பெண்ணிடம், இவர்கள் இந்த இடத்தைக் கைவிட்டுப் போனதற்கு முக்கிய காரணம் எது என்று கேட்டாள். நல்ல கேள்விதான். அந்தப் பெண் பதிலுக்கு முன், மிகவும் மரியாதையாக, நாங்கள் அந்தச் சொல்லைப் பாவிப்பதில்லை என்றார். ஹேமெஸில் இருப்பவர்கள் தாங்கள் பேகோசைக் கைவிட்டதாக ஒருநாளும் சொல்வதில்லையாம். இடம் மாறினோம் என்றுதான் சொல்வார்களாம்.

அது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. ஹேமெஸில் இன்றும் பேகோசுக்கென்று ஓர் ஆளுநர் பதவி இருக்கிறது. ஊரில் ஒரு வீடு இல்லை, ஆளுநர் இருக்கிறார். 1936இல் அமெரிக்கக் காங்கிரஸ் இரு ஊர்களையும் சட்டப்படி ஒன்றாக்கியபோதும் அந்த உரிமை போகவில்லை. ஒவ்வொரு ஓகஸ்ட் முதல் ஞாயிறும் இடிந்த தேவாலயத்துக்குள் பூசை நடக்கிறது. அயற் கிராமத்துக் கோயிலில் வைத்திருக்கும் பழைய மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தத் திருநாளை ஹேமெஸிலும் விடாமல் கொண்டாடுகிறார்கள்.

இன்னும் ஒன்று. 1915 முதல் 1929 வரை கிடர் என்ற தொல்லியலாளர் பேகோசைத் தோண்டினார். அமெரிக்கத் தொல்லியலுக்கே அத்திவாரம் போட்ட ஆய்வு என்று அதைச் சொல்வார்கள். பானை ஓடுகளோடு சேர்த்து, மண்ணுக்குள் கிடந்த மனித எலும்புகளையும் எடுத்துக் கிழக்குக் கரைக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரின் எலும்புகள் ஹாவார்ட் பல்கலைக்கழக நூதனசாலையில் பெட்டிகளுக்குள் எழுபது வருடம் இருந்தன. ஹேமெஸ் மக்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1990இல் இதற்கென்று ஒரு சட்டம் வந்தது. 1999 மே மாதம் எலும்புகள் லொறியில் திரும்பி வந்தன. ஹேமெஸிலிருந்து நூற்றுக்கணக்கானோர், முதியவர், பிள்ளைகள் எல்லோரும், முன்னோர் 1838இல் நடந்து வந்த அந்தத் தூரத்தை நாட்கணக்காகத் திருப்பி நடந்து பேகோசுக்கு வந்து, அவர்களை அந்த மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். எந்த இடத்தில் என்று பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. காட்டத் தேவையும் இல்லை.

வாகனத்துக்குத் திரும்பி நடக்கும்போது சிட்னி, "எங்கட ஆக்கள் இருபத்தைஞ்சு வருஷத்திலேயே காணி உறுதியைத் துலைச்சுப்போட்டு நிக்கினம், இவை நூற்றறுபது வருஷம் வைச்சிருந்திருக்கினம்" என்றாள். காணி உறுதி அவர்களிடமும் இருந்திருக்காது. ஊரின் பெயரைப் பதவியில் வைத்திருந்தார்கள், திருநாளில் வைத்திருந்தார்கள்.

சாந்தா பே நகரத்தில் இரண்டு இரவு தங்கினோம். நுவரெலியாவைவிட உயரமான இடம். முதல் நாள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். 1610இல் கட்டிய ஆளுநர் மாளிகையின் விறாந்தையில் புவெப்லோப் பெண்களும் ஆண்களும் தாங்கள் செய்த வெள்ளி நகையும் மட்பாண்டமும் பரப்பி வைத்து விற்பார்கள். பேரம் பேசுவது அங்கே நல்ல பழக்கமல்ல. ரொறன்ரோவுக்கு அதை நான் முதலே சொல்லியிருந்தேன், பயனில்லை.

அங்கிருந்து பாண்டலியர். எரிமலைச் சாம்பல் இறுகிய மென்பாறையைக் குடைந்து வீடாக்கியிருக்கிறார்கள். நிலத்திலிருந்து 140 அடி உயரத்தில் உள்ள ஒரு குகைக்கு மர ஏணிகளால் ஏற வேண்டும். இலண்டனும் நானும் ஏறினோம். மற்ற இருவரும் கீழே இருந்து படம் எடுத்தார்கள். இரண்டு பேருடைய செருப்பு மட்டும் அந்தப் படங்களில் தெளிவாக விழுந்திருக்கிறது.

பாண்டலியரிலிருந்து சிறிது தூரம்தான் லொஸ் அலமோஸ். அணுகுண்டு வடிவமைத்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும், படமும் வந்துவிட்டது. 2015இல் அதையும் தேசிய வரலாற்றுப் பூங்காவின் ஒரு பகுதியாக்கினார்கள். ஆனால் ஓப்பன்ஹைமர் வருவதற்கு முன் அந்த மலையில் என்ன இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பாடசாலை இருந்தது.

1917இல் தொடங்கிய ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலை. படிப்பும் உண்டு, குதிரைச் சவாரியும் உண்டு. பெரிய மரக்குற்றிகளை நிமிர்த்தி வைத்து 1928இல் கட்டிய அழகான மண்டபம் இன்றும் நிற்கிறது. 1942இன் பிற்பகுதியில் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து சுற்றிப் பார்த்தார்கள். பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு வந்த இருவர் யாரென்று, விஞ்ஞானப் பத்திரிகைகளில் படம் பார்த்திருந்த ஸ்ரேர்லிங் கோல்கேற் என்ற மாணவர் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளைகள் எப்போதும் ரீச்சர்மாருக்கு முதல் கண்டுபிடிப்பார்கள். டிசெம்பரில் யுத்த அமைச்சிலிருந்து கடிதம் வந்தது: இடம் இராணுவத் தேவைக்கு வேண்டும். ஆசிரியர்கள் நத்தார் விடுமுறையை நிறுத்தி, மிச்சப் பாடத்திட்டத்தை இரவு பகலாகப் படிப்பித்து, 1943 ஜனவரியில் கடைசி வகுப்புக்குச் சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். அந்த மலையில் அது மீண்டும் திறக்கப்படவேயில்லை. சுற்றிலும் தோட்டம் செய்த ஸ்பானிய மொழிக் குடும்பங்களும் எழுந்து போக வேண்டியதாயிற்று. அவர்களுடைய பிள்ளைகளுக்கு நியாயமான நட்டஈடு கிடைக்க அறுபது வருடமானது.

நூதனசாலையில் அந்தப் பாடசாலைக்கும் ஒரு பகுதி இருக்கிறது. சீருடை அணிந்த பையன்கள் குதிரைகளோடு நிற்கும் படத்துக்கு முன்னால் நாங்கள் நால்வரும் நெடுநேரம் நின்றோம். குண்டைப் பார்க்க வந்த மற்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாடத்திட்டத்தை முடிக்க ஓடிய அந்த ஆசிரியர்களை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த முன்வரிசையில் இருக்கிறார்கள்.

சாக்கோவுக்குப் போகும் பாதையின் கடைசிப் பகுதி மண் பாதை. மழை பெய்தால் போகவே வேண்டாம். அங்கே கடை இல்லை, தொலைபேசி வேலை செய்யாது. 850க்கும் 1150க்கும் இடையில் கட்டிய புவெப்லோ பொனித்தோ என்ற ஒரே கட்டடத்தில் அறுநூறு அறைகளுக்கு மேல், நாலைந்து மாடி. சில்லுவண்டி இல்லை, சுமைமிருகம் இல்லை. கூரை மரங்கள் எழுபது கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள மலைகளிலிருந்து தோளில் வந்தவை. உருளைச் சாடிகளைச் சோதித்தபோது கொக்கோவின் எச்சம் இருந்தது என்று 2009இல் கண்டார்கள். கொக்கோ அங்கே விளையாது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மைல் தெற்கேயிருந்து வர வேண்டும். ஒரு கதவுக்குள்ளால் பார்த்தால் அடுத்த கதவு, அதற்குள்ளால் அடுத்தது. இரவில் நட்சத்திரங்களை நான் விவரிக்கப் போவதில்லை. மின்சாரம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்குத் தெரியும்.

கடைசி நாள் எல் மோரோ. 1906இல், இப்படியான இடங்களைக் காக்கும் சட்டம் வந்த அதே வருடம் காவல் பெற்ற முதல் சில இடங்களில் ஒன்று. பெரிய மணற்பாறை, அதன் அடியில் மழைநீர் தேங்கும் ஒரு குளம். வறண்ட வழியில் அந்தத் தண்ணீருக்காக எல்லோரும் அங்கே நின்றார்கள். நின்றவர்கள் பாறையில் பெயரைப் பொறித்தார்கள். சிகிரியாவின் கண்ணாடிச் சுவர் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய ஆளுநர் ஒன்யாத்தே 1605இல் எழுதியிருக்கிறார்: இவ்வழியால் போனேன் என்று. அவர் அக்கோமா புவெப்லோவில் செய்த கொடுமையை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆனாலும் அவருடைய எழுத்தைச் சுரண்டி எறியவில்லை. 1858இல் மேற்கே போன வண்டித் தொடரில் இருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஸாலி பொக்ஸும் தன் பெயரை வெட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு வழியில் அம்பு பட்டு, பிழைத்து, திரும்பி வந்து, பின்னர் கலிபோர்னியா போய்ச் சேர்ந்தாள். ஆளுநரின் எழுத்தைவிட அந்தப் பிள்ளையின் எழுத்துக்கு முன்னால்தான் எங்களுக்கு அதிக நேரம் போனது. பாறையின் உச்சியில் ஓர் ஊர் இருந்தது. அதன் வாரிசுகள் பக்கத்தில் சூனி புவெப்லோவில் இருக்கிறார்கள். இப்போது பாறையில் யாரும் எழுதக் கூடாது. கை துருதுருப்பவர்களுக்காக வரவேற்பு நிலையத்துக்கு வெளியே ஒரு தனிக் கல் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி ரொறன்ரோ தேடித் திரிந்தாள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. கொப்பியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தோம்.

இனி அந்தக் கால்வாசி.

எங்கள் நினைவுக்கூடத்தில் வைப்பதற்கான காலவரிசைப் பலகையின் வரைவு வெளிநாட்டுக் கிளைகளுக்கு அனுப்பப்பட்டது. நல்ல உழைப்பு. ஸ்தாபகரிலிருந்து இன்றைய அதிபர் வரை ஆண்டு தவறாமல் இருக்கிறது. அதில் ஒரு வரி: "1990 – யுத்தச் சூழ்நிலை காரணமாகப் பாடசாலை கைவிடப்பட்டது." அடுத்த வரி, பாடசாலை சொந்த இடத்தில் மீளத் திறக்கப்பட்ட ஆண்டு. இடையில் ஒன்றும் இல்லை. இரண்டு விரல் வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தில் என் கடைசித் தங்கச்சி சாதாரண தரமும் உயர்தரமும் படித்தாள். வேறு ஒரு பாடசாலையின் கட்டடத்தில், பின்னேர நேரத்தில். காலையில் அவர்களுடைய பிள்ளைகள், மத்தியானத்துக்குப் பிறகு எங்களுடையவர்கள். அதற்குப் பிறகு கிடுகுக் கொட்டில். அதற்குப் பிறகு இன்னோர் இடம். அனுமதி இடாப்பைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுபோன ரீச்சர் இங்கே இருக்கிறார். பெயர் சொன்னால் எழுந்து போய்விடுவார். அந்த இடாப்பில் ஒரு வருடமும் விடுபடவில்லை என்று பார்த்தவர்கள் சொல்லுகிறார்கள். பாடசாலைக் கீதம் கொட்டிலிலும் பாடினார்கள். பரிசளிப்பு விழா நடந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போனார்கள். வலிகாமம் வடக்கில் மதிலுக்குள் நின்றது கட்டடம். பாடசாலை பஸ்ஸிலும் சைக்கிளிலும் போய்வந்துகொண்டிருந்தது.

கைவிடப்பட்டது என்றால் விட்டவருக்கு இனி அதில் ஒன்றும் இல்லை என்று ஆகிறது. எங்கள் காணிகளைப் பற்றி மற்றவர்கள் இந்தச் சொல்லைப் பாவித்தபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பலகையில், எங்கள் செலவில், நாங்களே அதை எழுதக் கூடாது. செயற்குழுவிடம் நான் கேட்பது இரண்டு. "1990 ஆனி – பாடசாலை இடம்பெயர்ந்தது" என்று அந்த வரியை மாற்றுங்கள். அதற்குக் கீழே, இயங்கிய ஒவ்வோர் இடத்தின் பெயரையும் அது எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்பதையும் எழுதுங்கள். இடம் தந்த பாடசாலைகளின் பெயர்களும் வர வேண்டும்; நன்றி என்று ஒரு சொல்லோடு. பலகையின் நீளம் கூடினால் கூடட்டும். கூடுதல் செலவை நாங்கள் நால்வரும் பொறுப்பேற்கிறோம், இது மற்ற மூவருக்கும் இப்போதுதான் தெரிகிறது.

அந்த ஆண்டுகளில் படித்தவர்களிடம் படங்கள் அதிகம் இருக்காது. ஆனால் நினைவு இருக்கிறது. வாசலில் தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறோம். 1990க்குப் பிறகு, திரும்பி வரும் வரைக்கும் படித்தவர்கள், படிப்பித்தவர்கள், உங்கள் பெயர், ஆண்டு, எந்த இடத்தில், எந்த மரத்தடியில், யாருடைய வகுப்பு என்று எழுதிவிட்டுப் போங்கள். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். செயலாளருக்கு எழுதி அனுப்பினால் கொப்பியில் சேர்ப்பார். பேனை நூலில் கட்டியிருக்கிறது, தயவுசெய்து கொண்டுபோய்விடாதீர்கள்.